முதலில் இழுவிசை, அப்புறம் அதிர்வு: ரவான் தோலைக் கணினியில் அதிர வைப்பது எப்படி?

மொரீஷியஸில் சேகா என்னும் ஆட்டப்பாட்டு தொடங்கும் முன், அதற்கு அடிக்கும் தோற்கருவியான ரவானை நெருப்பில் காட்டுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. காய்ந்த ஓலையும் சுள்ளியும் போட்டு மூட்டிய சிறு நெருப்புக்கு மேலே, ஆட்டுத்தோல் போர்த்திய அந்தப் பெரிய வட்டத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். 'தொப்' என்று செத்த ஓசை வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் காட்ட வேண்டும். 'டும்' என்று ஓசை திறந்துகொண்டால் போதும். யுனெஸ்கோ 2014இல் மொரீஷியஸின் மரபுச் சேகாவை மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சேகாவின் ஆதாரத் தாளமே இந்த ரவான்தான்.

நெருப்பு என்ன செய்கிறது? தோலில் இருக்கும் ஈரத்தை வெளியேற்றுகிறது. ஈரம் போனால் தோல் சுருங்கப் பார்க்கும். ஆனால் அதன் விளிம்பு மரச்சட்டத்தில் ஒட்டியிருக்கிறது, சட்டம் அசையாது. சுருங்க நினைத்தும் சுருங்க முடியாத தோலுக்குள் இழுவிசை ஏறுகிறது. அந்த இழுவிசைதான் ஒலியைத் தருகிறது. இந்த ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், சவ்வின் அதிர்வைப் பொறியியல் மென்பொருளில் கணக்கிடுவதில் பாதி புரிந்துவிடும். புதிதாகக் கற்கிறவர்கள் பெரும்பாலும் இடறுவதும் இந்த ஒரே இடத்தில்தான்.

நம் பிள்ளைகள் ரெதுயியில் உள்ள பல்கலைக்கழகத்தில் இதை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். வீட்டில் கிரியோலில் பேசுகிறார்கள். கோயிலிலும் சனிக்கிழமை வகுப்பிலும் தமிழ் படிக்கிறார்கள். அந்தத் தமிழிலும் இதை நிதானமாக எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கணிதம் அதிகம் தெரியாதவர்களும் பின்தொடரும்படி எழுத முயல்கிறேன். எண்கள் வரும், சமன்பாடுகள் வராது.

தகடு வேறு, சவ்வு வேறு

கோயிலில் அடிக்கும் சேகண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றில் தொங்குகிறது. அதை யாரும் எந்தப் பக்கமும் இழுத்துக் கட்டவில்லை. ஆனாலும் அடித்தால் கணீரென்று ஒலிக்கிறது. காரணம், அந்த உலோகத் தகடு வளைவதை எதிர்க்கிறது. கொஞ்சம் வளைந்ததும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயல்கிறது. திரும்பும் வேகத்தில் மறுபக்கம் போகிறது, மீண்டும் திரும்புகிறது. அதிர்வு என்பது இந்தப் போக்குவரத்துதான். தகட்டுக்குத் திரும்பும் சக்தி அதன் பொருளிலிருந்தும் தடிமனிலிருந்தும் வருகிறது.

தோலுக்கு அந்தச் சக்தி இல்லை. சட்டத்திலிருந்து கழற்றிய தோலைக் கையில் எடுத்தால் கொடியில் காயப்போட்ட வேட்டியைப் போல மடங்கித் தொங்கும். வளைவதை அது எதிர்ப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி வளைவு எதிர்ப்பு இல்லாத மெல்லிய பரப்பைத்தான் பொறியியலில் சவ்வு என்கிறோம். அதை ஒரு சட்டத்தில் இழுத்துப் பொருத்தினால் மட்டுமே அது அதிரும் பொருளாகிறது. இழுத்துக் கட்டிய தோலின் நடுவை விரலால் அழுத்தினால், சுற்றியுள்ள இழுவிசை அந்தப் புள்ளியைப் பழைய மட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. தகட்டுக்குப் பொருள் செய்யும் வேலையைச் சவ்வுக்கு இழுவிசை செய்கிறது.

சவ்வில் அலை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைச் சொல்ல இரண்டே எண்கள் போதும். ஒன்று இழுவிசை. தோலில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஒன்றையொன்று எவ்வளவு விசையுடன் இழுக்கின்றன என்று பார்த்தால் அதுதான் மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கு. மற்றொன்று பரப்பெடை, அதாவது ஒரு சதுர மீட்டர் தோலின் நிறை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம் வந்துவிடும். தோல் எவ்வளவு நெகிழும், எந்த விலங்கின் தோல் என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் நேரடியாக வருவதே இல்லை.

ஒரு ரவானுக்கு எண்கள் போடுவோம். விட்டம் 60 செ.மீ., அதாவது ஆரம் 0.3 மீட்டர். தோலின் தடிமன் 0.6 மி.மீ., அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் பரப்பெடை சதுர மீட்டருக்கு 0.6 கிலோ. இழுவிசை மீட்டருக்கு 1500 நியூட்டன். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? விளிம்பில் பத்து செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 15 கிலோ எடை தொங்குவதற்குச் சமம், அவ்வளவுதான். 1500ஐ 0.6ஆல் வகுத்தால் 2500. அதன் வர்க்கமூலம் 50. இந்தத் தோலில் அலை வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

வட்டமான சவ்வு தன் மிகத் தாழ்ந்த ஆட்டத்தில் வினாடிக்கு எத்தனை முறை அதிரும் என்பதுதான் அதன் அடிப்படை அதிர்வெண். அதற்கு ஒரு மாறாத எண் உண்டு: 2.405. அதை அலையின் வேகத்தால் பெருக்கி, வட்டத்தின் சுற்றளவால் வகுக்க வேண்டும். நம் ரவானின் சுற்றளவு 1.885 மீட்டர். விடை 63.8 ஹெர்ட்ஸ். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கணினி என்ன சொன்னாலும் இதனோடுதான் ஒப்பிடப் போகிறோம். 2.405 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸலின் பெயரால் வழங்கும் சார்புகளில் முதலாவது எந்த இடத்தில் முதன்முதலாகப் பூஜ்யமாகிறதோ அந்த இடம்தான் இது.

வர்க்கமூலம் இருப்பதால் ஒரு விளைவு உண்டு. இழுவிசையை இரட்டிப்பாக்கினால் ஒலி இரட்டிப்பாகாது, 1.41 மடங்குதான் ஏறும். ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டுமானால் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். தோல் கிழிவது இப்படிப்பட்ட பேராசையால்தான். ஈரமோ இரண்டு பக்கமும் அடிக்கிறது. க்யூர்பிப் மேட்டுநிலத்தில் நாள் முழுக்கத் தூறும்போது தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்கிறது, அதோடு கனமும் கூடுகிறது. இழுவிசை பாதியாகி எடை பத்து சதவீதம் ஏறினால் 63.8 என்பது 43 ஹெர்ட்ஸுக்கு விழுந்துவிடும். கேட்கிற காதுக்கு அது வெறும் 'தொப்'.

ஒரே தோல், பல ஆட்டங்கள்

அடிப்படை அதிர்வில் தோல் முழுவதும் ஒரே கூடாரமாக மேலும் கீழும் போகிறது. ஆனால் அதே தோல் வேறு விதமாகவும் ஆட முடியும். ஒரு விட்டக்கோடு அசையாமல் நிற்க, அதன் ஒரு பக்கம் மேலே போகும்போது மறுபக்கம் கீழே போகலாம். இரண்டு விட்டக்கோடுகள் குறுக்காக நிற்க, நான்கு கால்பகுதிகள் மாறி மாறி ஆடலாம். நடுவில் ஒரு வட்டம் அசையாமல் நிற்க, உள்ளே மேலும் வெளியே கீழுமாகவும் ஆடலாம். அசையாத இந்தக் கோடுகளைக் கணுக்கோடுகள் என்பார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் சொந்தமாக ஒரு அதிர்வெண் உண்டு. மென்பொருள் தரும் விடை இந்த இணைகளின் பட்டியல்தான்: ஒரு அதிர்வு வடிவம், அதற்கு ஒரு இயல் அதிர்வெண்.

நம் ரவானுக்கு அந்தப் பட்டியல் 63.8, 101.6, 136.2, 146.4, 169.2 ஹெர்ட்ஸ் என்று போகும். முதலாவதால் வகுத்தால் 1, 1.593, 2.136, 2.295, 2.653. ஒரு வீணைத் தந்தியில் இந்த விகிதங்கள் 1, 2, 3, 4 என்று முழு எண்களாக இருக்கும், அதனால் சுரம் தெளிவாகக் கேட்கிறது. சவ்வில் அவை முழு எண்களோடு ஒட்டுவதில்லை. ரவானில் தாளம் இருக்கிறது, கனம் இருக்கிறது, ஆனால் 'இது ச, இது ப' என்று சொல்லும்படி சுரம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

வாசிப்பவர்கள் நடுப்பக்கம் ஒரு அடியும் விளிம்பில் ஒரு அடியுமாக ஓசையை மாற்றுகிறார்கள் அல்லவா? அதுவும் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. விட்டக்கோடு உள்ள எல்லா வடிவங்களுக்கும் தோலின் மையம் அசையாத புள்ளி. மையத்தில் அடித்தால் அவற்றை எழுப்ப முடியாது. கூடாரம் போன்ற, வட்டக்கணு மட்டும் உள்ள வடிவங்களே எழும், ஓசை தாழ்ந்து கனமாக இருக்கும். விளிம்பருகே அடித்தால் கிட்டத்தட்ட எல்லாமே எழும், ஓசை கூர்மையாகும். எந்த இடத்தில் அடிக்கிறோம் என்பது எந்தெந்த அதிர்வுகளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான்.

கணினி இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வட்டத்துக்குச் சூத்திரம் இருக்கிறதே, பிறகு மென்பொருள் எதற்கு? சட்டம் கொஞ்சம் முட்டை வடிவமானால், தோல் ஒரு பக்கம் தடித்திருந்தால், நடுவில் ஏதேனும் பூசியிருந்தால் சூத்திரம் கைவிட்டுவிடும். அங்கேதான் முடிவுறு கூறு முறை வருகிறது.

அதன் மையக் கருத்தைக் கையாலேயே செய்து பார்க்கலாம். தோல் எந்த வடிவத்தில் ஆடும் என்று தெரியாது, ஊகிப்போம். நடுவில் உயரம், விளிம்பில் பூஜ்யம், இடையில் ஒரு பரவளைவுக் குவிமாடம். இந்த வடிவத்துக்குத் தோலை வளைத்தால் இழுவிசை எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கும் என்று ஒரு கணக்கு. இதே வடிவத்தில் ஆடினால் அசைவுக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று இன்னொரு கணக்கு. இரண்டையும் சமப்படுத்தினால் 2.405 வர வேண்டிய இடத்தில் ஆறின் வர்க்கமூலமான 2.449 வருகிறது. அதாவது 63.8க்குப் பதில் 65 ஹெர்ட்ஸ். கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஊகத்துக்கு இரண்டு சதவீதப் பிழைதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: விடை உண்மையைவிட மேலேதான் வந்தது. இது தற்செயல் இல்லை. அடிப்படை அதிர்வுக்கு நாம் எந்த வடிவத்தை ஊகித்தாலும் விடை உண்மைக்கு மேலேதான் நிற்கும், கீழே போகாது. இயற்கை தேர்ந்தெடுத்த வடிவத்தைவிடத் தாழ்ந்த அதிர்வெண் தரும் வடிவம் கிடையாது.

மென்பொருள் செய்வதும் ஊகம்தான், ஆனால் முழுத்தோலுக்கும் ஒரே வடிவத்தை ஊகிக்காமல் தோலை நூற்றுக்கணக்கான சிறு முக்கோணங்களாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் எளிய வடிவம். முக்கோணங்கள் சந்திக்கும் புள்ளிகளையும் கணுக்கள் என்பார்கள், முன்பு சொன்ன அசையாத கணுக்கோடுகள் வேறு. இந்தக் கணுக்களின் உயரங்கள் மட்டுமே தெரியாத எண்கள். எல்லாக் கணுக்களையும் சேர்த்து ஆற்றல் கணக்கைப் போட்டால் இரண்டு பெரிய அட்டவணைகள் கிடைக்கும்: ஒன்று விறைப்பு, மற்றொன்று நிறை. இந்த இரண்டிலிருந்து இயல் அதிர்வெண்களைப் பிழிந்தெடுப்பது கணினியின் வேலை. ரிச்சர்ட் குரான்ட் என்ற கணிதவியலாளர் 1943இலேயே முக்கோணங்களாகப் பிரிக்கும் இந்த வழியை எழுதிக் காட்டினார். 1960இல் ரே கிளஃப் இதற்கு இன்றுள்ள பெயரைச் சூட்டினார். விமானம் கட்டுபவர்களும் பாலம் கட்டுபவர்களும் வளர்த்தெடுத்த முறை ஒரு ஆட்டுத்தோலுக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

விறைப்பு அட்டவணை காலியாக இருந்தால்

இனி விஷயத்தின் நடு இடத்துக்கு வருவோம். என் தங்கை மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். திரையில் வட்டம் அழகாக வரைந்திருந்தது, முக்கோணங்களும் சீராக விழுந்திருந்தன. ஓட்டினால் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி.

"மாமா, எல்லாம் சரியாத்தான் கொடுத்திருக்கேன். தடிமன் இருக்கு, அடர்த்தி இருக்கு, மீள்மை எண் இருக்கு, விளிம்பைக் கட்டிட்டேன். ஓடவே மாட்டேங்குது."

"தோலை எவ்வளவு இழுத்தாய்?"

"இழுக்கணுமா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஓர் உத்தரத்தையோ தகட்டையோ கணக்கிடும்போது இப்படி யாரும் கேட்பதில்லை. இழுத்தால் பொருள் எவ்வளவு எதிர்க்கும் என்று சொல்லும் மீள்மை எண்ணைக் கொடுத்தால் விறைப்பு தானாக வந்துவிடும். சவ்வில் அப்படி இல்லை. தட்டையாகவும் தளர்வாகவும் கிடக்கும் சவ்வின் ஒரு கணுவை மேலே மிகச் சிறிதளவு தூக்கிப் பாருங்கள். எதுவும் அதைக் கீழே இழுக்காது. தோலின் நீளம் அப்போது ஏறக்குறைய மாறவே இல்லை, ஆகவே நெகிழ்ச்சியும் எதிர்க்க வரவில்லை. மேலும் கீழுமான திசையில் விறைப்பு அட்டவணை முழுக்கப் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் கணினி மறுக்கத்தான் செய்யும். சில மென்பொருள்கள் பிழை காட்டாமல், வரிசையாகப் பூஜ்ய ஹெர்ட்ஸ் என்று அச்சடித்துத் தள்ளும். அதற்கும் இதே காரணம்தான். நெருப்பில் காட்டாத ரவானை அடித்தது போல என்று எடுத்துக்கொள்ளலாம், ஓசை வராதது கணினியின் குற்றம் இல்லை.

தோலில் ஏற்கெனவே இழுவிசை இருந்தால் கதை மாறுகிறது. கணுவைத் தூக்கியதும் சுற்றியுள்ள இழுவிசை கொஞ்சம் சாய்கிறது, சாய்ந்த இழுவிசைக்குக் கீழ்நோக்கிய ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கு கணுவைத் திரும்ப இழுக்கிறது. இப்படிப் பொருளிலிருந்து வராமல் இழுவிசையின் சாய்விலிருந்து வரும் விறைப்பை வடிவியல் விறைப்பு என்பார்கள். மென்பொருள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் வேலையை இரண்டு படிகளாகச் செய்யச் சொல்ல வேண்டும். முதல் படியில் தோலை இழுத்து அமைதிநிலைக்குக் கொண்டுவருவது, இரண்டாம் படியில் அந்த இழுத்த நிலையைச் சுற்றி அதிர்வுகளைத் தேடுவது.

பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், கருத்து மாறாது. காம்சாலில் முன் இழுத்த இயல் அதிர்வெண் ஆய்வு என்று தனியாகவே ஒரு வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு படிகளும் தாமாக வந்து நிற்கும். ஆன்சிஸில் நிலைக் கட்டமைப்புப் பெட்டியின் விடையை அதிர்வுப் பெட்டிக்குக் கம்பி இழுத்து இணைக்க வேண்டும். அபாக்கஸில் முதல் படியில், இழுத்த நிலையையும் கணக்கில் எடுக்கச் சொல்லும் 'வடிவியல் நேரிலித் தன்மை' என்ற பொத்தானை இயக்கி வைத்துவிட்டு, அதற்கு அடுத்த படியாக அதிர்வெண் தேடலைச் சேர்க்க வேண்டும். அந்தப் பொத்தானை இயக்க மறந்தால் தோல் இழுக்கப்பட்டிருக்கும், ஆனால் இரண்டாம் படிக்கு அது தெரியாது.

உரிமக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் பின்வாங்க வேண்டாம். பிரெஞ்சு மின்வாரியம் உருவாக்கிய கோட் ஆஸ்டர் இலவசம். ஃப்ரீஃபெம், ஃபெனிக்ஸ் ஆகியவையும் இலவசம். பின்னிரண்டில் இன்னொரு வசதி உண்டு: சவ்வின் அலைச் சமன்பாட்டையே நேராக எழுதிக் கொடுக்கலாம். அந்தச் சமன்பாட்டில் இழுவிசை முதலிலேயே உட்கார்ந்திருப்பதால் தனியாக இழுக்கும் படி தேவையில்லை. தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். இருபது முப்பது வரி நிரலில் முடிந்துவிடும், எது எங்கே போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். பொத்தான்கள் நிறைந்த பெரிய மென்பொருளுக்கு அப்புறம் போகலாம்.

இழுவிசையைக் கொடுப்பதில் இரண்டு வழிகள்

பெரிய மென்பொருளில் இழுவிசையை நேரடியாகத் தகைவாக, அதாவது தோலின் வெட்டுமுகப் பரப்புக்கு இத்தனை விசை என்று கொடுக்கலாம். இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. நாம் இதுவரை பேசியது மீட்டருக்கு இத்தனை நியூட்டன். மென்பொருள் பல நேரம் கேட்பது சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன், அதாவது பாஸ்கல். தடிமனால் வகுக்க வேண்டும். 1500ஐ 0.0006ஆல் வகுத்தால் 25 லட்சம் பாஸ்கல், அதாவது 2.5 மெகாபாஸ்கல். மில்லிமீட்டரில் வரைகிறவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் அலகுகளைத் தாமாக மாற்றுவதில்லை. மில்லிமீட்டர், நியூட்டன் என்று போனால் நிறைக்கு டன் என்ற அலகைத்தான் பயன்படுத்த வேண்டும். கிலோவில் கொடுத்தால் அடர்த்தி ஆயிரம் மடங்கு தவறி, அதிர்வெண் முப்பது மடங்குக்கு மேல் பிசகும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. தோலின் வெப்பநிலையைக் குறைக்கச் சொல்வது. குளிர்ந்தால் பொருள் சுருங்கும் என்பது மென்பொருளுக்குத் தெரியும். விளிம்பு கட்டியிருப்பதால் சுருங்க முடியாது, இழுவிசை பிறக்கும். நிஜ ரவானைச் சூடாக்குகிறோம், கணினி ரவானைக் குளிர வைக்கிறோம். பார்ப்பதற்கு எதிரெதிர், உள்ளே நடப்பது ஒன்றே: சுருங்க விரும்பும் தோல், விடாத சட்டம். ஈரம் வெளியேறுவதைக் கணக்கிடுவது கடினம் என்பதால் பொறியாளர்கள் குளிர்ச்சியைப் பதிலாளாகப் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு சுருக்கம் வேண்டும்? தோலின் மீள்மை எண்ணை 100 மெகாபாஸ்கல் என்றும், ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் ஒடுங்கும் பாய்சான் விகிதத்தை 0.3 என்றும் வைத்தால், 2.5 மெகாபாஸ்கலுக்கு 1.75 சதவீதச் சுருக்கம் போதும். 30 செ.மீ. ஆரத்தில் அது ஐந்து மில்லிமீட்டரும் கொஞ்சமும்.

இந்த இரண்டு வழிகளையும் வைத்து ஒரு சோதனை செய்யுங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம். முதல் வழியில் தகைவை அப்படியே வைத்துவிட்டு மீள்மை எண்ணைப் பத்து மடங்காக்குங்கள். 63.8 அசையாது. இரண்டாவது வழியில் சுருக்கத்தை அப்படியே வைத்துவிட்டு மீள்மை எண்ணைப் பத்து மடங்காக்குங்கள். அதிர்வெண் மூன்று மடங்குக்கு மேல் எகிறும். பொருள் நேரடியாக ஒலியை மாற்றுவதில்லை. அதே சுருக்கத்துக்கு எவ்வளவு இழுவிசை பிறக்கும் என்பதை மாற்றுகிறது, இழுவிசை ஒலியை மாற்றுகிறது. இந்தச் சங்கிலி பிடிபட்டவருக்குச் சவ்வு பிடிபட்டது.

விடையைப் படிக்கும்போது

ஓட்டியதும் பட்டியல் வரும். முதலில் 63.8 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் மேலே, 64.3 என்பது போல இருந்தால் பயப்பட வேண்டாம், நாம் குவிமாடத்தை ஊகித்தபோது நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது. முக்கோணங்களைப் பாதி அளவாக்கி மறுபடி ஓட்டினால் விடை கீழே இறங்கி 63.8ஐ நெருங்கும். இன்னொரு முறை பாதியாக்கியும் எண் அசையவில்லை என்றால் அந்த முக்கோண வலை போதும். நேர் விளிம்பு முக்கோணங்களால் வட்டத்தை அடைக்கும்போது விளிம்பில் சிறு சந்துகள் விடுபடுவதும் விடையைச் சற்றே மேலே தள்ளும். அதுவும் வலை சிறியதானால் சரியாகிவிடும்.

அடுத்து, 101.6 இரண்டு முறை வந்திருக்கும். தவறு இல்லை. ஒரு விட்டக்கோடு கிடைமட்டமாகவும் இருக்கலாம், செங்குத்தாகவும் இருக்கலாம். வட்டத்துக்கு எந்தத் திசையும் தனி இல்லை என்பதால் இரண்டுக்கும் ஒரே அதிர்வெண். விட்டக்கோடு உள்ள வடிவங்கள் எல்லாமே இப்படி இரட்டையாகத்தான் வரும். நிஜத் தோலில் இந்த இரட்டைகள் பிரிந்துவிடும். ஆட்டின் முதுகெலும்பு ஓடிய கோட்டில் தோல் தடிமனாக இருக்கும், வயிற்றுப் பக்கம் மெல்லியதாக இருக்கும். அதனால் ஒரு திசை விட்டக்கோட்டுக்கு ஒரு அதிர்வெண், மறு திசைக்குச் சற்றே வேறு. மூன்று ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் ஓசை வினாடிக்கு மூன்று முறை தழைந்து ஏறும். அந்த மெல்லிய அலைபாய்தலைக் கணினியிலும் கொண்டுவர முடியும், தடிமனை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுத்தால் போதும்.

வண்ணப்படத்தில் அசைவு ஒரு மீட்டர் என்றெல்லாம் அளவுகோல் காட்டும். அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. இயல் அதிர்வு என்பது வடிவத்தையும் வேகத்தையும் மட்டும் சொல்கிறது, எவ்வளவு பலமாக அடித்தோம் என்பதை நாம் சொல்லவே இல்லையே. மென்பொருள் தன் வசதிக்கு ஓர் உயரத்தை வைத்துக்கொண்டு வரைகிறது. உண்மையான உயரம் வேண்டுமானால் கையின் அடியை விசையாகக் கொடுத்து, நேரப்போக்கில் கணக்கிடும் வேறு ஆய்வைச் செய்ய வேண்டும்.

நம் கணக்கில் இன்னும் சேராத பெரிய ஆள் காற்று. தோல் மெல்லியது, அதனால் அது தள்ளும் காற்று அதற்குப் பெரிய சுமை. 60 செ.மீ. விட்டமுள்ள ஒரு தட்டு திறந்த வெளியில் முன்னும் பின்னும் அசைந்தால், தன்னோடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.3 கிலோ காற்றையும் இழுத்துக்கொண்டு அசைகிறது. நம் தோலின் பரப்பெடையே 0.6 கிலோதான். இந்தத் தோராயத்தை அப்படியே சேர்த்தால் 63.8 என்பது 52 ஹெர்ட்ஸாக இறங்கும். தாழ்ந்த அதிர்வுகளைக் காற்று அதிகமாக அழுத்தும், உயர்ந்தவற்றை அவ்வளவாக அழுத்தாது. ஆகவே விகிதங்களும் மாறும். செயற்கைத் தோல் போட்ட ரவானில் தோல் இன்னும் இலேசாக இருப்பதால் காற்றின் பங்கு இன்னும் கூடும். தோலை மட்டும் கணக்கிட்டுவிட்டு, கைபேசியில் பதிவுசெய்த ஓசையோடு ஒப்பிட்டுக் குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வெற்றிடத்தில் அடித்த ரவானைக் காற்றில் அடித்த ரவானோடு ஒப்பிடுகிறீர்கள். முதலில் வெற்றிடத்துச் சூத்திரத்தோடு ஒப்பிட்டு உங்கள் நிரல் சரி என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், பிறகு காற்றைச் சேருங்கள்.

மிருதங்கத்துக்குப் போவோமா?

ரவான் கைக்கு வந்துவிட்டால் அடுத்ததாக மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நடுவில் கருப்பாகக் கரணை பூசியிருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கரணை எதற்கு என்பதை அறிவியலாகக் காட்டியவர் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் அவர் எழுதிய குறிப்பு, இந்தியத் தாளக் கருவிகளில் மேலதிர்வுகள் முழு எண் விகிதங்களுக்கு வருகின்றன என்று சொன்னது. 1934இல் அவரே விரிவாக எழுதினார். சாதாரணச் சவ்வில் சிதறிக் கிடக்கும் ஒன்பது அதிர்வு வடிவங்கள் இங்கே ஐந்து கூட்டங்களாகச் சேர்ந்து 1, 2, 3, 4, 5 என்று நிற்கின்றன. மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க முடிவது அதனால்தான்.

மென்பொருளில் இதைச் செய்வது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. இழுவிசையைத் தொட வேண்டாம். நடுவில் ஒரு வட்டத்துக்குள் மட்டும் பரப்பெடையை அதிகமாக்குங்கள். ஆரத்தில் நாற்பது சதவீத அளவு வட்டத்திலிருந்து தொடங்கி, எடையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போங்கள். முதல் அதிர்வில் நடுப்பகுதிதான் அதிகம் ஆடுகிறது, ஆகவே அது வேகமாகத் தாழும். இரண்டாவது அதிர்வுக்கு நடு அசையாத இடம், ஆகவே அது கரணையின் எடையை அவ்வளவாக உணராது. அதனால் 1.593 என்ற விகிதம் 2ஐ நோக்கி நகரத் தொடங்கும். எந்த அகலத்தில், எந்த எடையில் அது 2 ஆகிறது என்று தேடுங்கள். அங்கே நிறுத்திவிட்டுப் பட்டியலில் அடுத்த இரண்டையும் பாருங்கள். வெறும் தோலில் 2.136, 2.295 என்று இருந்தவை அவை. இரண்டும் 3க்கு அருகே வந்து கூடுகின்றனவா, இல்லை என்றால் கரணையின் விளிம்பைத் திடீரென்று முடிக்காமல் மெல்ல மெல்ல மெலிய விட்டால் கூடுகின்றனவா என்று சோதித்துப் பாருங்கள்.